இரண்டு மணி நேரத்தில் தெரிந்த கிருமியை ஆறு வாரம் வளர்ப்பது ஏன்?

கேள்வி கேட்டவர் எழுதியிருப்பதன் சாரம் இது. தம்பிக்கு விடாத இருமல், எடை இழப்பு. சளியைக் கொடுத்த அன்றே சிபிநாட் பரிசோதனையில் காசநோய் என்றும், ரிஃபாம்பிசின் மருந்துக்குக் கட்டுப்படாத வகை என்றும் தெரிந்துவிட்டது. சிகிச்சையும் தொடங்கிவிட்டது. ஆனால் இன்னொரு மாதிரியைக் கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு, அனுப்பியிருக்கிறோம், முடிவு வர ஆறு வாரமோ அதற்கு மேலோ ஆகும் என்கிறார்கள். இரண்டு மணி நேரத்தில் விடை சொல்லும் கருவி இருக்கும்போது இந்தக் காத்திருப்பு எதற்கு? கூடவே இன்னொரு சந்தேகம்: அண்ணிக்கு லேப்ராஸ்கோப்பி முறையில் பித்தப்பை அகற்றினார்கள். ஒன்றரை மாதம் கழித்துத் தொப்புளருகே ஆறிய தையல் திறந்து நீர் வடிகிறது. "டி.பி. குடும்பத்துக் கிருமி, ஆனால் டி.பி. இல்லை" என்கிறார் மருத்துவர். அது எப்படி?

காசநோய் ஆய்வகத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். முதலில் ஒன்று. கல்ச்சர் முடிவு வரட்டும் என்று தம்பியின் சிகிச்சை நின்றுகொண்டிருக்கவில்லை, நிற்கவும் கூடாது. மாத்திரை ஒரு நாள்கூடத் தவறாமல் போய்க்கொண்டிருக்கட்டும். அந்த ஆறு வாரத்தில் ஆய்வகம் கேட்டுக்கொண்டிருப்பது வேறு கேள்விகள்.

சிபிநாட் கருவிக்கு இரண்டே கேள்விகளுக்குத்தான் விடை தெரியும். சளியில் காசநோய்க் கிருமியின் டி.என்.ஏ. இருக்கிறதா? ரிஃபாம்பிசினோடு தொடர்புடைய ஆர்.பி.ஓ.பி. என்ற மரபணுவின் ஒரு சிறு துண்டில், அதாவது 81 எழுத்து நீளத்துக்குள், ஏதாவது மாறியிருக்கிறதா? கிருமி உயிரோடு இருக்கிறதா, தம்பிக்குக் கொடுக்கிற மற்ற மருந்துகளில் எது அதைக் கொல்லும், எது கொல்லாது என்பதெல்லாம் அதன் கண்ணுக்குப் படாது. அவற்றைக் கிருமியிடம்தான் கேட்க வேண்டும். கேட்பதற்கு அது வளர்ந்தாக வேண்டும்.

அங்கேதான் சிக்கல். நம் குடலில் வாழும் ஈ.கோலை என்ற கிருமி நல்ல ஊடகத்தில், அதாவது கிருமி வளர்க்கும் சத்துக் கலவையில், 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகும். காசநோய்க் கிருமி ஒருமுறை இரண்டாவதற்கு 18 முதல் 24 மணி நேரம் எடுத்துக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியும் ஒரு பொட்டு உருவாக ஒரு கிருமி குறைந்தது பத்து லட்சமாவது ஆக வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு இருபது முறை இரட்டிக்க வேண்டும். ஈ.கோலைக்கு அது ஏழு மணி நேர வேலை. மாலையில் விதைத்துவிட்டு வீட்டுக்குப் போனால் காலையில் தட்டு நிறைந்திருக்கும். காசநோய்க் கிருமிக்கு அதே கணக்கு பதினைந்து முதல் இருபது நாள் வரை போகும். அதுவும் எந்தத் தொல்லையும் படாத கிருமிக்கு. சளியிலிருந்து எடுத்து, காரத்தில் ஊறவைத்து, சுழற்றி, குற்றுயிராய்ப் போட்ட கிருமி எழுந்து உட்காரவே சில நாட்கள் ஆகும். ராபர்ட் கோக் 1882 மார்ச் 24 அன்று பெர்லினில் இந்தக் கிருமியை அறிவித்தபோது அவருடைய சாமர்த்தியத்தில் ஒரு பங்கு சாயம் ஏற்றுவதில் இருந்தது, இன்னொரு பங்கு பொறுமையில். முதல் வாரத்தில் ஒன்றும் வளராத குழாய்களை அவர் தூக்கிப் போடவில்லை. இரண்டாவது வாரத்தில்தான் பொட்டுகள் தெரிந்தன.

இவ்வளவு மந்தமாக இருப்பதற்கும், இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்கும் அதன் மேலுறைக்குப் பெரிய பங்குண்டு. மைகாலிக் அமிலம் என்ற நீண்ட கொழுப்புச் சங்கிலிகளால் ஆன மெழுகுச் சட்டை அது. தண்ணீரில் கரைந்த மருந்தும் சாயமும் சுலபத்தில் உள்ளே போகாது. உணவும் அப்படித்தான். நுண்ணோக்கியில் அதை அடையாளம் காண்பதும் இந்தச் சட்டையை வைத்துத்தான். கண்ணாடி வில்லையில் சளியைத் தடவி, உலர்த்தி, சிவப்பு நிறக் கார்பால் ஃபுக்சின் ஊற்றி, அடியில் சுடரைக் காட்டி ஆவி எழும்வரை சூடாக்குவோம். கொதிக்க விடக்கூடாது. சூட்டில் மெழுகு இளகிச் சாயம் உள்ளே போகும், ஆறியதும் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். அதன் பிறகு 25 சதவீதக் கந்தக அமிலம் ஊற்றினாலும் வெளியே வராது. மற்றக் கிருமிகளும் சளியும் நிறமிழந்துவிடும், அவற்றுக்கு மெத்திலின் நீலம் ஏற்றுவோம். நீலப் பின்னணியில் மெல்லிய செந்நிறக் குச்சிகள், சில லேசாக வளைந்து, சில இரண்டு மூன்றாக ஒட்டிக்கொண்டு. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில் ஒரு வில்லையை நூறு பார்வைப் புலங்கள் நகர்த்தி, தொண்ணூற்று ஏழாவதில் முதல் குச்சியைக் கண்டது இன்றும் நினைவிருக்கிறது. அந்த ஒன்றைப் பார்ப்பதற்கு முந்தைய தொண்ணூற்றாறையும் பார்த்தாக வேண்டும், அதுதான் இந்த வேலை. ஒரு மில்லிலிட்டர் சளியில் 5,000 முதல் 10,000 கிருமிகளாவது இருந்தால்தான் இந்த முறையில் கண்ணில் படும். கல்ச்சருக்குப் பத்து முதல் நூறு இருந்தாலே போதும். "மைக்ரோஸ்கோப்பில் இல்லை என்றார்கள், பிறகு எப்படி வந்தது?" என்று வீட்டார் கோபப்படுவதுண்டு. இல்லாதது வேறு, நம் கருவிக்கு எட்டாதது வேறு.

கல்ச்சர் ஊடகம் தயாரிக்கும் நாள் எங்கள் ஆய்வகத்தில் சமையல் நாள்போல இருக்கும். லோவன்ஸ்டீன்–ஜென்சன் ஊடகம், பேச்சு வழக்கில் எல்.ஜே. கோழி முட்டைதான் மூலப்பொருள். முட்டை புதிதாக இருக்க வேண்டும். ஆன்டிபயாடிக் கலந்த தீவனம் தின்ற கோழியின் முட்டையாக இருக்கக்கூடாது, இருந்தால் அந்த மருந்தே கிருமியின் வளர்ச்சியைக் கெடுத்துவிடும். சோப்பு நீரில் தேய்த்துக் கழுவி, ஆல்கஹாலில் ஊறவைத்து, ஒவ்வொன்றாக உடைத்து, கலக்கி, மெல்லிய துணியில் வடிகட்டுவோம். அதில் உப்புக் கரைசல், அஸ்பராஜின், கிளிசரால், கடைசியாக மாலகைட் பச்சை. இந்தப் பச்சைச் சாயம் அழகுக்குச் சேர்ப்பதில்லை, மற்றக் கிருமிகளை அடக்கி வைப்பதற்கு. குழாய்களில் ஊற்றி, சாய்த்து வைத்து, 85 டிகிரியில் முக்கால் மணி நேரத்துக்கு மேல் வைத்தால் முட்டை இறுகிச் சாய்வான பச்சைத் தளமாகிவிடும். சூடு கூடினால் குமிழி வரும், நிறம் மாறும். அந்தத் தொகுதி முழுக்க வீண்.

இப்போது சளி. வாய் வழியாக வரும் எந்தப் பொருளிலும் வேகமாக வளரும் கிருமிகள் கோடிக்கணக்கில் உண்டு. அப்படியே ஊடகத்தில் போட்டால் மறுநாளே அவை முழுவதையும் மூடிவிடும். அதனால் சளியோடு நான்கு சதவீதச் சோடியம் ஹைட்ராக்சைடைக் கலந்து, கால் மணி நேரம் வைத்து, மையவிலக்கில் சுழற்றி அடியில் படிவதை எடுப்போம். மெழுகுச் சட்டை போட்ட காசநோய்க் கிருமி இந்தக் காரத்தைத் தாங்கும், மற்றவை கரைந்துபோகும். ஆனால் காசநோய்க் கிருமியிலும் ஒரு பங்கு சாகத்தான் செய்யும். இங்கே வெளியாருக்கு விநோதமாகத் தோன்றும் ஒரு நடைமுறை உண்டு. நூறு எல்.ஜே. குழாய்களில் மூன்றிலிருந்து ஐந்து வரை வேறு கிருமி வளர்ந்து கெட்டுப்போவதை நாங்கள் எதிர்பார்க்கிறோம். ஒன்றுகூடக் கெடவில்லை என்று ஒரு மாதக் கணக்கு வந்தால் மகிழ மாட்டோம், கவலைப்படுவோம். காரம் அதிகமாகிவிட்டது, அல்லது நேரம் நீண்டுவிட்டது, நோயாளியின் கிருமியையும் சேர்த்துக் கொன்றுகொண்டிருக்கிறோம் என்று பொருள்.

எல்.ஜே. குழாயை எட்டு வாரம் வைத்துப் பார்ப்போம். வளர்ந்தால் அது தனி அழகு. பச்சைத் தளத்தின் மேல் காய்ந்த, சொரசொரப்பான, வெளிர்மஞ்சள் திட்டுகள், பிரெட் தூள் சிந்தியதுபோல அல்லது சின்னஞ்சிறு காலிஃபிளவர்போல. கம்பியால் தொட்டால் வழுக்காது, விண்டு எடுக்க வேண்டியிருக்கும். இப்போது பெரும்பாலும் திரவ ஊடகம் வந்துவிட்டது. ஏழு மில்லிலிட்டர் குழாய், அடிப்பாகத்தில் ருத்தீனியம் என்ற உலோகச் சேர்மம் கலந்த சிலிகோன் படிவு. குழாயில் ஆக்சிஜன் இருக்கும்வரை அது ஒளிராது. கிருமி வளர்ந்து ஆக்சிஜனைத் தின்னத் தின்ன, புற ஊதா ஒளியில் ஆரஞ்சு நிறத்தில் மின்னத் தொடங்கும். கருவி மணிக்கு ஒருமுறை எல்லாக் குழாய்களையும் பார்த்துக்கொள்ளும். கிருமி அதிகமாக உள்ள சளியில் ஒரு வாரம் பத்து நாளில்கூட மணி அடித்துவிடும். 42 நாள் வரை ஒன்றும் இல்லையென்றால்தான் 'வளரவில்லை' என்று எழுதுவோம். உங்களுக்குச் சொன்ன ஆறு வாரம் இந்த 42 நாள்தான்.

மணி அடித்தவுடன் முடிவு எழுதிவிட முடியாது. வளர்ந்தது காசநோய்க் கிருமியா, வேறொன்றா, இரண்டும் கலந்ததா? ஒரு துளி எடுத்துச் சாயமேற்றிப் பார்ப்போம். காசநோய்க் கிருமிகள் திரவத்தில் ஒன்றோடொன்று ஒட்டி, முறுக்கிய கயிறுபோல நெளிந்து கிடக்கும். மேலுறையில் உள்ள ஒரு மெழுகுப் பொருள் செய்கிற வேலை அது. பார்த்துப் பழகிய கண்ணுக்குத் தப்பாது. ஆனாலும் எம்.பி.டி.64 என்ற புரதத்தைத் தேடும் பட்டைச் சோதனையையும் செய்தே உறுதி சொல்வோம்.

ஒரு தவற்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த வேலையின் பொறுப்பு அதில்தான் புரிந்தது. நான் இளையவனாக இருந்தபோது வேலை பார்த்த ஓர் ஆய்வகத்தில், ஒரு வாரம் அடுத்தடுத்த எண் கொண்ட நான்கு மாதிரிகள் ஒரே சமயத்தில் வளர்ந்தன. முதல் மாதிரியில் நுண்ணோக்கியிலேயே கிருமி குவிந்து கிடந்தது. மற்ற மூன்றிலும் நுண்ணோக்கியில் ஒன்றுமில்லை. அந்த மூவரில் ஒருவர் வேலைக்கான மருத்துவப் பரிசோதனைக்கு வந்தவர், இருமலே கிடையாது. என் பதிவேட்டைப் புரட்டியபோது தெரிந்தது: அன்று நான்கு குழாய்களுக்கும் ஒரே புட்டியிலிருந்து கழுவுநீரை ஊற்றியிருக்கிறேன், அதுவும் முதல் குழாயின் விளிம்பில் புட்டியின் வாய் பட்டிருக்க வேண்டும். ஒரு துளி. அதில் சில நூறு கிருமிகள். மூன்று பேரை ஆறு மாதம் தேவையில்லாத மருந்துக்கு அனுப்ப அது போதும். மூவரிடமும் மறுபடி சளி வாங்கினோம், எதிலும் வளரவில்லை. அன்றிலிருந்து ஒரு மாதிரிக்கு ஒரு சிறு புட்டி, ஒருமுறை திறந்தால் மீதியைக் கொட்டிவிடுவது. புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாள் இதைத்தான் சொல்லிக் கொடுக்கிறேன்.

இனி உங்கள் தம்பியின் விஷயத்துக்கு நேராக வருகிறேன். வளர்ந்த கிருமியை மருந்தோடு மோதவிட்டுப் பார்ப்பதுதான் மருந்து உணர்திறன் சோதனை. அடிப்படை எளிது. மருந்து கலந்த குழாய் ஒன்றில் கிருமிக் கரைசலை அப்படியே விடுவோம். மருந்தில்லாத குழாயில் அதே கரைசலை நூறில் ஒரு பங்காக நீர்த்து விடுவோம். மருந்து வேலை செய்தால், நூறில் ஒரு பங்கு விட்ட குழாய் முந்திக்கொள்ளும். மருந்துக் குழாயும் அதற்கு ஈடாக வளர்ந்தால், கிருமிக் கூட்டத்தில் ஒரு சதவீதத்துக்கு மேல் அந்த மருந்தைத் தாங்குபவை இருக்கின்றன, அந்த மருந்தை நம்ப முடியாது. கருவி தானாகவே ஒப்பிட்டுச் சொல்ல மேலும் ஒன்று முதல் மூன்று வாரம் ஆகும். "ஆறு வாரமோ அதற்கு மேலோ" என்றதில் அந்த 'மேலோ' இதுதான்.

மரபணுவைப் படித்தே எல்லா மருந்துக்கும் விடை சொல்லிவிடலாமே என்று கேட்பீர்கள். சிலவற்றுக்குச் சொல்லலாம். ரிஃபாம்பிசின் எதிர்ப்பில் 95 சதவீதத்துக்கு மேல் அந்த 81 எழுத்துக்குள் அடங்கிவிடுகிறது, இது நமக்குக் கிடைத்த அதிர்ஷ்டம். ஐசோனியாசிட் அவ்வளவு வசதியாக இல்லை, கேட்ஜி, ஐ.என்.எச்.ஏ. என்று சில மரபணுக்களைப் பார்க்க வேண்டும். பைரசினமைடுக்கோ மாற்றங்கள் பி.என்.சி.ஏ. மரபணு முழுவதும் சிதறிக் கிடக்கும். தம்பிக்குக் கொடுக்கும் மாத்திரைகளில் பெடாகுவிலின் இருக்க வாய்ப்பு அதிகம். அதற்கான எதிர்ப்பு ஆர்.வி.0678 என்ற மரபணுவில் எங்கு வேண்டுமானாலும் வரலாம். பல மாற்றங்கள் எதிர்ப்பைத் தருவதே இல்லை. எழுத்து மாறியிருப்பதைப் பார்த்து மருந்து தோற்குமா தோற்காதா என்று சொல்ல முடியாத இடத்தில், குழாயில் கிருமி வளர்கிறதா சாகிறதா என்று பார்ப்பது ஒன்றே வழி. என்னைக் கேட்டால், புதிய மருந்துகள் நாடெங்கும் பரவும் இந்தக் காலத்தில் ஆய்வகங்கள் கல்ச்சரைக் கைவிடுவது, வண்டி வேகம் கூடும்போது பிரேக்கைக் கழற்றுவதற்குச் சமம்.

ரிஃபாம்பிசினிலேயே ஏமாந்த கதை ஒன்று உண்டு. அப்போது சுவாசிலாந்து என்று அழைக்கப்பட்ட ஆப்பிரிக்க நாடான எஸ்வாதினியில், பல மருந்துகளுக்குக் கட்டுப்படாத கிருமிகளைக் கல்ச்சர் செய்து பார்த்தபோது, அவற்றில் சுமார் 30 சதவீதத்தில் மாற்றம் அந்த 81 எழுத்துக்கு வெளியே இருந்தது தெரிந்தது. மரபணுக் கருவி அவற்றையெல்லாம் 'ரிஃபாம்பிசினுக்குக் கட்டுப்படும்' என்று சொல்லியிருக்கும். 2015இல் இது வெளியானது. கருவிக்குத் தப்பியவை வேலை செய்யாத மருந்தோடு ஆளிடமிருந்து ஆளுக்குப் பரவியிருந்தன. மறுபக்கமும் உண்டு: ரிஃபாம்பிசினை அரைகுறையாகத் தாங்கும் சில வகைகளைத் திரவக் கல்ச்சர் கோட்டைவிட்டது, மரபணு பிடித்தது. அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் 2021இல் அந்தச் சோதனையின் மருந்தளவை ஒரு மைக்ரோகிராமிலிருந்து அரை மைக்ரோகிராமாகக் குறைத்தது. இரண்டில் எதையும் தெய்வவாக்காக எடுத்துக்கொள்ள முடியாது, ஒன்றை வைத்து மற்றொன்றைச் சரிபார்க்கிறோம்.

இன்னொரு காரணம்: செத்த கிருமியின் டி.என்.ஏ. சளியில் நீண்ட நாள் வரும். சிகிச்சை நன்றாகப் போய்க்கொண்டிருக்கும் நோயாளிக்கும் சிபிநாட் 'இருக்கிறது' என்றே காட்டலாம். அதனால் மருந்து தொடங்கிய பிறகு மாதாமாதம் தம்பியிடம் வாங்கும் சளியைக் கல்ச்சரில் போடுவார்கள். அதில் வளர்ச்சி நின்றதா, எந்த மாதம் நின்றது என்பதுதான் அவருடைய மருத்துவர் எதிர்பார்த்திருக்கும் செய்தி. மருந்தை நீட்டுவதா மாற்றுவதா என்பது அதைப் பொறுத்தது.

நம் ஊருக்கும் இந்த வளர்ப்புக்கும் பழைய உறவு உண்டு. 1956இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கியது. இன்று சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தின் முன்னோடி அது. பிரிட்டன் மருத்துவர் வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில், சானடோரியத்தில் படுக்க வைத்துச் சத்துணவு கொடுத்து மருந்து கொடுப்பதும், நெருக்கடியான வீட்டிலேயே வைத்து அதே மருந்தைக் கொடுப்பதும் ஏறக்குறைய ஒரே பலன் தரும் என்று அங்கே நிரூபித்தார்கள். 1959இல் முடிவு வெளியானது, உலகமே சிகிச்சை முறையை மாற்றிக்கொண்டது. பலருக்கு அந்த மருத்துவக் கதை தெரியும். அதன் பின்னால் மாதாமாதம் சளியை வளர்த்து, யாருக்குக் கிருமி நின்றது என்று எழுதிவைத்த ஆய்வக மேசைகளை யாரும் பேசுவதில்லை. அந்த மேசைகள் இல்லாவிட்டால் 'ஒரே பலன்' என்ற சொல்லுக்கு ஆதாரமே கிடையாது. சென்னை நோயாளிகளின் கிருமிகள் லண்டனில் நுண்ணுயிரியலாளர் டெனிஸ் மிட்சிசனின் ஆய்வகத்துக்கும் போயின. கினிப்பன்றிகளில் செலுத்தியபோது, பிரிட்டனின் கிருமிகளைவிடத் தென்னிந்தியக் கிருமிகள் சராசரியாக வீரியம் குறைந்தவையாக இருந்தன. காசநோய்க் கிருமி உலகெங்கும் ஒரே மாதிரி என்ற எண்ணத்துக்கு அது முதல் அடிகளில் ஒன்று. இன்று மரபணு வரிசை பார்த்து, தென்னிந்தியாவில் பரவலாக இருப்பது முதலாம் மரபுவழி என்ற பழைய கிளை என்று சொல்கிறோம்.

அண்ணியின் காயத்துக்கு வருவோம். மைக்கோபாக்டீரியம் என்பது பெரிய குடும்பம், 150க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. காசநோயும் தொழுநோயும் தரும் சிலதைத் தவிர மீதி பெரும்பாலானவை மண்ணிலும் நீரிலும் வாழ்பவை. குழாய்த் தண்ணீரில், தொட்டியின் பாசியில், மருத்துவமனையின் கழுவு தொட்டியில்கூட இருக்கும். மெழுகுச் சட்டை காரணமாகக் குளோரினுக்கும் சில கிருமிநாசினிகளுக்கும் அவ்வளவு எளிதில் அசைந்துகொடுக்காது. லேப்ராஸ்கோப்பிக் கருவிகள் நீளமானவை, மூட்டுகளும் இடுக்குகளும் உள்ளவை. சரியாகப் பிரித்துக் கழுவாமல் கிருமிநாசினியில் முக்கி, பிறகு குழாய்த் தண்ணீரில் அலசினால், அந்த அலசும் தண்ணீரிலிருந்தே கிருமி தையலுக்குள் போய்விடும். காயம் முதலில் நன்றாக ஆறும். சில வாரங்கள் கழித்து வலியில்லாத ஒரு முடிச்சு, பிறகு நீர்க்கசிவு. வழக்கமான ஆன்டிபயாடிக் கொடுத்தால் குறைவதுபோல இருந்து மறுபடி வரும். அப்செசஸ், ஃபார்ச்சூட்டம், கெலோனே என்ற மூன்று இனங்கள்தான் பெரும்பாலும் இப்படி வருபவை.

இங்கே ஆய்வகம் தவறினால் நோயாளி மாதக்கணக்கில் அலைவார். சாயமேற்றினால் அதே செந்நிறக் குச்சிகள் தெரியும். அவசரப்பட்டு 'காசநோய்' என்று எழுதிவிட்டால், ஆறு மாதக் காசநோய் மருந்து தொடங்கிவிடுவார்கள். இந்த இனங்களுக்கு அந்த மருந்துகள் பெரும்பாலும் பலிக்காது. வேறுபாட்டைக் காட்டுவது வளர்ப்புதான். காசநோய்க் கிருமி வாரக்கணக்கில் எடுப்பதை இவை ஏழு நாளுக்குள், பல சமயம் மூன்று நான்கு நாளில் முடித்துவிடும். அந்த வேகத்தைப் பார்த்ததுமே நாங்கள் மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்துவிடுவோம். கெலோனே உடல் சூட்டைவிடக் குளிர்ந்த 30 டிகிரியை விரும்பும், அதனால் தோல், காயம் சம்பந்தப்பட்ட மாதிரிகளை இரண்டு வெப்பநிலைகளில் வைப்பது வழக்கம். அப்செசஸுக்கு இன்னொரு தந்திரம் உண்டு. கிளாரித்ரோமைசின் மருந்துச் சோதனையில் மூன்று நாளில் பார்த்தால் கட்டுப்படுவதுபோல இருக்கும். பல வகைகளில் இ.ஆர்.எம்.41 என்ற மரபணு, மருந்தைக் கண்ட பிறகுதான் மெல்ல விழித்துக்கொள்ளும். அதனால் 14 நாள் வரை வைத்துப் பார்த்தே 'கட்டுப்படும்' என்று எழுத வேண்டும். அண்ணியின் மருத்துவரிடம் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: இனத்தின் பெயர் என்ன, கிளாரித்ரோமைசின் முடிவு எத்தனையாவது நாளில் பார்த்தது? பஞ்சில் துடைத்து எடுத்த மாதிரியைவிட, ஊசியில் உறிஞ்சிய சீழோ வெட்டி எடுத்த சதைத் துண்டோ ஆய்வகத்துக்குப் பல மடங்கு மேல். சதைத் துண்டை ஃபார்மலினில் போட்டு அனுப்பிவிடாதீர்கள், அதில் எல்லாம் செத்துவிடும், வளர்க்க ஒன்றும் மிஞ்சாது.

அதே நேரம், சளியில் இந்தக் குடும்பத்து நீர்வாழ் கிருமி ஒருமுறை வளர்ந்தாலே நோய் என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. குடித்த தண்ணீரிலிருந்தே வந்திருக்கலாம். அறிகுறியும் எக்ஸ்ரேயும் பொருந்தி, வேறு வேறு நாளில் கொடுத்த இரண்டு சளியிலாவது அதே இனம் வளர வேண்டும். செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968இல் தொடங்கிய மாபெரும் பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வில், தடுப்பூசி பெரியவர்களின் நுரையீரல் காசநோயைத் தடுக்கவில்லை என்று முடிவு வந்தபோது உலகம் அதிர்ந்தது. அதற்குச் சொல்லப்பட்ட விளக்கங்களில் ஒன்று, அந்தப் பகுதி மக்கள் மண்ணிலும் நீரிலும் உள்ள இந்த உறவுக் கிருமிகளோடு சிறு வயதிலிருந்தே பழகி, தடுப்பூசியின் பலன் மறைந்துபோயிருக்கலாம் என்பது. பிறகு அங்கிருந்து மண்ணையும் தண்ணீரையும் தூசியையும் எடுத்துவந்து சென்னையில் வளர்த்துப் பார்த்தார்கள், உறவினர்கள் நிறையவே கிடைத்தார்கள்.

இதே உறவுக் கூட்டத்திலிருந்துதான் தம்பியின் பெடாகுவிலினும் வந்தது. ஸ்மெக்மேட்டிஸ் என்ற தீங்கில்லாத இனம் மூன்று மணி நேரத்தில் இரட்டிக்கும், சாதாரண ஆய்வகத்திலேயே வளர்க்கலாம். அதன் மீது ஏராளமான வேதிப்பொருட்களைச் சோதித்தபோது அகப்பட்ட மருந்து அது. 2005இல் அறிவித்தார்கள். மருந்தைத் தாங்கி வளர்ந்த கிருமிகளின் மரபணுவைப் படித்து, கிருமியின் ஆற்றல் ஆலையான ஏ.டி.பி. சிந்தேஸை அது பிடித்து நிறுத்துகிறது என்று கண்டுபிடித்தார்கள். அங்கேயும் முதலில் வளர்ப்பு, பிறகுதான் மரபணு. முழு மரபணுத் தொகுதியை, அதாவது சுமார் 44 லட்சம் எழுத்துகளை வாசிக்கும் இன்றைய முறைக்கும் பெரும்பாலும் வளர்த்தெடுத்த கிருமிதான் தேவைப்படுகிறது. சளியில் நேரடியாக வாசித்தால் மனித டி.என்.ஏ.வே பெரும்பகுதியாக வந்து நிற்கும். வளர்க்கவே முடியாத கிருமியோடு மல்லுக்கட்டுவது எப்படி இருக்கும் என்பதற்குத் தொழுநோய் ஆராய்ச்சியைப் பார்த்தால் போதும். கோக்குக்கு முன்பே, 1873இல் நார்வே மருத்துவர் ஹேன்சன் அந்தக் கிருமியைக் கண்டார். இன்றுவரை எந்த ஊடகத்திலும் வளரவில்லை. எலியின் பாதத்திலும் ஆர்மடில்லோ என்ற விலங்கிலும்தான் வளர்க்கிறார்கள். ஒருமுறை இரட்டிக்க ஏறத்தாழ இரண்டு வாரம்.

கடைசியாக, இந்த ஆறு வாரத்தில் உங்கள் கையில் இருக்கும் ஒரே விஷயம். மாதாந்திரச் சளி கொடுக்கும் நாளில் தம்பியைக் காலையில் எழுந்ததும், எதையும் சாப்பிடுவதற்கு முன், வெறும் தண்ணீரில் வாய் கொப்பளிக்கச் சொல்லுங்கள். கிருமிநாசினித் திரவம் வேண்டாம். வீட்டுக்குள்ளே அல்லாமல் மொட்டை மாடியிலோ திறந்த வெளியிலோ, பக்கத்தில் யாரும் இல்லாமல் நிற்கட்டும். இரண்டு முறை ஆழமாக மூச்சை இழுத்துச் சற்று நிறுத்தி விடட்டும், மூன்றாவது முறை நெஞ்சின் அடியிலிருந்து இருமித் துப்பட்டும். நுரைத்த எச்சில் வந்தால் மறுபடி முயலட்டும், கெட்டியாக இரண்டு மில்லிலிட்டராவது வேண்டும். மூடியை இறுக்கித் திருகி, வெயிலில் வைக்காமல் அன்றே கொண்டுபோய்க் கொடுங்கள், தாமதமானால் குளிர்பதனப் பெட்டியில் தனியாக வையுங்கள். டப்பாவின் மூடியில் அல்ல, உடம்பில் பெயரும் தேதியும் எழுதுங்கள். மேசையில் நான்கு மூடிகளைக் கழற்றி வைக்கும்போது எந்த மூடி எதனுடையது என்று எங்களுக்குத் தெரியாது.